கஞ்சி போட்ட கோடை, மஃப்ளர் கட்டிய மார்கழி

குளிர்கால உடையைப் பற்றி எழுதத் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரிக்கு என்ன யோக்கியதை என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டு, டிசம்பர் விடியலில் 20, 21 என்று இறங்கினால் எங்களுக்கு அது குளிர்தான். பாதிக்குப் பாதி குறைகிறதே! தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் உடம்பு தன் பழக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஆறு மாதம் வெந்த உடம்புக்கு அந்த 20 டிகிரி போதும், தோளில் எதையாவது போர்த்திக்கொள்ள.

சொல்கிறேன், கேளுங்கள். கோடையிலிருந்து குளிருக்கு உடை மாற்றுவதை இத்தனை குறைந்த செலவில், இத்தனை அழகாகச் செய்கிற ஊர் எங்கள் திருக்காட்டுப்பள்ளியைப் போல வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், இருக்கட்டும். பீரோவைக் காலி செய்து வேறு துணி அடுக்குகிற வேலையெல்லாம் இங்கே கிடையாது. அதே நூல்சேலை, அதே வேட்டி, அதே துண்டு. கட்டுகிற விதம் மாறும், கஞ்சி ஏறும் அல்லது இறங்கும், மேலே ஒன்றிரண்டு உருப்படி கூடும். இவ்வளவு மாறினாலே கடைத்தெரு முழுக்கப் புது ஊராகத் தெரியும். வருஷா வருஷம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

அக்கினி ஊரில் அக்கினி நட்சத்திரம்

எங்கள் ஊர்ச் சிவன் பெயரே அக்னீஸ்வரர். தீயாடியப்பர் என்றும் சொல்வார்கள். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அக்கினி பகவான் வந்து வழிபட்டதாகத் தலபுராணம். அக்கினியே வந்து கும்பிட்ட ஊரில் அக்கினி நட்சத்திரம் சும்மா விடுமா? மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை ஓடுகிற கத்திரி வெயிலில், குடமுருட்டி ஆற்று மணலில் செருப்பில்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவைப்பார்கள். சாமிக்கே அந்தப் பாடு என்றால் ஆசாமிக்கு?

ஆசாமிக்குக் கஞ்சி! குடிக்கிற கஞ்சியும் உண்டு, அது வேறு விஷயம். நான் சொல்வது சேலைக்குப் போடுகிற கஞ்சி. அரிசி விளைகிற பூமியில் பிறந்ததன் பெருமையை நான் முழுசாக உணர்வது சோற்றுத் தட்டின் முன்னால் அல்ல, கஞ்சி போட்டு உலர்த்திய நூல்சேலையை முதல் மடிப்பு பிரிக்கும்போதுதான். அந்தச் சத்தம் இருக்கிறதே, மொடமொடவென்று, பொரித்த அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி!

எங்கள் அப்பாயி போட்ட கஞ்சிக்கு ஈடே இல்லை. உலை கொதித்துச் சோறு பதமானதும் பானையைச் சாய்த்து வடிப்பார். அந்த வடிகஞ்சியை அப்படியே துணியில் ஊற்றிவிட மாட்டார். மெல்லிய துணியில் வடிகட்டிப் பருக்கையும் கட்டியும் இல்லாமல் எடுத்து, வாளித் தண்ணீரில் நீர்க்கக் கலப்பார். கையை முக்கி எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்ப்பார். லேசாக வழவழப்பு தெரிந்தால் சரி, பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் ஒரு செம்புத் தண்ணீர். வெள்ளை வேட்டியானால் ஒரு சொட்டு நீலம். அலசிப் பிழிந்த சேலையை ஈரத்தோடு முக்கி, எல்லா மடிப்புக்கும் கஞ்சி போய்ச் சேரும்படி அமுக்கி எடுத்து, முறுக்கிப் பிழியாமல் வழித்துவிடுவார். பிறகு நான் ஒரு தலைப்பு, அவர் ஒரு தலைப்பு. இழுத்து, உதறி, மறுபடி இழுத்து, கொடியில் சுருக்கமில்லாமல் விரிப்போம். அன்றைக்கு வடித்த கஞ்சிதான் உதவும். நேற்றைய கஞ்சி புளித்த வாடையைச் சேலையிலேயே விட்டுவிட்டுப் போகும்.

இதில் எத்தனை விவரம் இருக்கிறது பாருங்கள். கஞ்சி ஏறிய துணி விறைத்து நிற்கும், உடம்போடு ஒட்டாது. துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்றுப் புகுந்து வர இடம் கிடைக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், அந்தக் காற்று அதை உலர்த்தும், உலரும்போது உடம்புச் சூடு கொஞ்சம் போகும். கரண்ட் போன மத்தியானத்தில் கஞ்சி போட்ட சேலையோடு திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் இதன் அருமை தெரியும். குக்கர் வந்து வடிகஞ்சியை ஒழித்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜவ்வரிசியைக் கரைத்துக் காய்ச்சினாலும் அருமையான கஞ்சி கிடைக்கும். விட்டுவிடாதீர்கள்!

கோடைச் சேலைக்கு எங்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் வரத்து உண்டு. மதுரைச் சுங்குடி காற்றுப்போல மேலே கிடக்கும். 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய துணி. செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு 2019-இல் கிடைத்தது. கொஞ்சம் கனம்தான், ஆனால் கட்டமும் கரையும் கண்ணைப் பறிக்கும், எத்தனை தடவை துவைத்தாலும் அசராது. திருச்சிக்குப் போனால் உறையூர்க் கைத்தறி. அந்த ஊரின் துணிப் பெருமை இன்று நேற்று வந்ததில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், மெல்லிய துணிக்குப் பேர்போனதாக அர்கரு என்ற ஊரைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலர் கருத்து. ரோமாபுரிக்காரர்கள் ஆசைப்பட்ட துணியை நான் பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறேன் என்று நினைத்தாலே தலை நிமிர்ந்துவிடுகிறது.

ஆண்களுக்கு நாலு முழ வேட்டி. எட்டு முழத்தை இரட்டையாக மடித்துக் கட்டுவது கல்யாணத்துக்கும் கோயிலுக்கும். கத்திரியில் ஒற்றை வேட்டிதான். நூல் நம்பர் கேட்டு வாங்குவார்கள். நம்பர் ஏற ஏற இழை மெலியும். 40-ஆம் நம்பர் தினசரி உழைப்புக்கு, 80, 100 என்றால் வெயிலில் சுகம், விலையும் சேர்ந்து ஏறும். தோளில் ஈரிழைத் துண்டு. அந்தத் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவரைப் பாருங்கள். ஏர்கூலர் என்ன செய்கிறதோ அதை ஒரு சாண் துணியில் செய்துகொண்டு போகிறார்.

தண்ணீர் வந்தால் துணி வெளுக்கும்

எங்கள் உடைக் காலண்டரை எழுதுவது மேட்டூர் அணை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-இல் திறப்பது மரபு. கல்லணையைத் தாண்டி வருகிற காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிவது எங்கள் ஊரை ஒட்டித்தான். வறண்ட மணலில் முதல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிற அன்றைக்கு ஊரே கரையில் நிற்கும். அதன் பிறகு கலங்கல் தெளிய வேண்டியதுதான் பாக்கி, படித்துறைக்கு வாளி வாளியாக அழுக்குத் துணி வந்து இறங்கிவிடும்.

ஆற்றில் துவைத்த வேட்டியின் வெள்ளை தனி. போர் தண்ணீரில் உப்பு அதிகம், சோப்பு நுரைக்காது, நுரைக்காத சோப்பு இழையில் படிந்து வெள்ளையை மங்கலாக்கும். ஆற்றுத் தண்ணீர் மென்மை, அரை சோப்புக்கே நுரை பொங்கும், அலசினால் ஓடிப்போகும். கோடை முழுக்கப் பழுப்பேறிக் கிடந்த வேட்டிகள் ஆடி மாதத்தில் பளிச்சென்று எழுந்து வருவது அதனால்தான். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தால் மஞ்சள் கயிறும் புதுச்சேலையுமாகப் பெண்கள் கூட்டம், கஞ்சி போட்ட வெள்ளையில் ஆண்கள். அந்தக் காட்சிக்குத் திருஷ்டி சுற்றித்தான் போட வேண்டும்.

நடவுக்குப் போகிற பெண்களின் உடுப்பை யாரும் ஃபேஷன் என்று சொல்வதில்லை. நான் சொல்வேன்! சேலையை முழங்காலுக்குத் தூக்கி இடுப்பில் செருகி, அதன் மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டைச் சுற்றி முடிச்சு. அந்தச் சட்டை நடவில் வெயிலுக்கு, அறுப்பில் சுணைக்கு. நெல் சுணை பட்டால் கையெல்லாம் அரித்து எடுக்கும், மணிக்கட்டு வரை துணி வேண்டும். கட்டம் போட்ட சட்டை, பூப்போட்ட சேலை, சிவப்புத் துண்டு என்று எதுவும் எதோடும் சேராது; ஆனால் பச்சை நாற்றுக்கு நடுவே வரிசையாகக் குனிந்து நிற்கும்போது எல்லாம் சேர்ந்துவிடும். எந்த டிசைனர் வந்தாலும் இதில் ஒரு பட்டனைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

ஐப்பசியில் கைலிக்கு ராஜ்ஜியம்

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வெள்ளை உள்ளே போகும், அடர்நிறம் வெளியே வரும். வேட்டிகள் ஓய்வெடுக்க, கைலிகள் தெருவைப் பிடித்துக்கொள்ளும். நீலம், கருநீலம், மெரூன், பச்சைக் கட்டம். சேறு தெறித்தாலும் தெரியாது, முட்டிக்கு மேல் மடித்துக் கட்டினாலும் மரியாதைக் குறைவில்லை. பெண்கள் பக்கத்தில் நூல்சேலைக்கு லீவு, பூனம் சேலைக்கு டியூட்டி. மழையில் நனைந்தால் உதறிக் கொடியில் போட்டு ஒரு ஃபேனைச் சுழலவிட்டாலே போதும், இரண்டு மணி நேரத்தில் கட்டிக்கொள்ளலாம். பருத்திக்குப் பைத்தியமான நானே ஐப்பசியில் பூனத்துக்குக் கும்பிடு போடுவேன்.

மழைக்கு எங்கள் பக்கத்து அசல் கோட்டு எது தெரியுமா? சாக்குக் கொங்காணி. ஒரு சணல் சாக்கை எடுத்து, அடிப்பக்கத்து மூலை ஒன்றை உள்ளே தள்ளி மற்ற மூலையோடு பொருத்தினால் கூம்பாக ஒரு முக்காடு கிடைக்கும். அதைத் தலையில் மாட்டினால் முதுகு முழுக்கத் தொங்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும், மண்வெட்டி பிடிக்கலாம், வாய்மடையைத் திறக்கலாம். குடை பிடித்துக்கொண்டு வரப்பு வெட்ட முடியுமா? இப்போது உரச் சாக்கில் செய்கிறார்கள், தண்ணீர் உள்ளே இறங்குவதே இல்லை. தையல் இல்லை, பட்டன் இல்லை, காசும் இல்லை. ரெயின்கோட்டுக் கம்பெனிகள் எங்கள் வரப்பில் வந்து பாடம் படிக்க வேண்டும்.

இந்த மாதத்தின் கதாநாயகர் இஸ்திரி வண்டிக்காரர். தீபாவளித் துணி எடுக்கத் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுக்கும் தஞ்சாவூருக்கும் போய் நசுங்கி வந்த கூட்டம், அடுத்த வாரமே அந்தப் புதுத்துணியைத் துவைத்துக் காயாமல் இவரிடம்தான் வந்து நிற்கும். எங்கள் தெரு முனையில் நிற்கிற அண்ணனிடம் ஒருமுறை கஞ்சி போட்ட சேலையை நீட்டினேன்.

“டீச்சர், ஐப்பசி முடியிற வரைக்கும் கஞ்சிய மறந்துடுங்க. பொட்டி வச்சா இழுக்குது, மடிச்சு வச்சா பூஞ்சை பூக்குது. நல்ல வெயிலு வரட்டும், நானே சொல்றேன்.”

“அப்போ ஒரு மாசம் உங்க பொழப்பு படுத்துடுமே, அண்ணே?”

“எங்க படுக்குது? தேய்க்கிறதுக்கு வர்றவங்கள விடக் காய வச்சுக் குடுங்கன்னு வர்றவங்கதான் இப்ப அதிகம். ஸ்கூல் யூனிபார்ம் மட்டும் எத்தனை கெடக்கு பாருங்க!”

கரிப்பெட்டியின் சூட்டில் ஈர யூனிபார்மிலிருந்து ஆவி கிளம்ப, அவர் தலையில் துண்டு, மேலே பனியன், இடுப்பில் கைலி. சீசன் முழுவதையும் ஒரே ஆளிடம் பார்த்துவிடலாம். வீட்டில் மிச்ச ஈரத்துக்குச் சாம்பிராணி. பிரம்புக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணியை விரித்து, உள்ளே தூபக்காலை வைத்தால் மழைக்கால வாடை ஓடிப்போகும். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினால் எந்த சென்ட்டும் பக்கத்தில் நிற்காது.

கார்த்திகை ஒன்று: ஒரே ராத்திரியில் நிறம் மாற்றம்

உலகத்தில் எல்லா ஊரிலும் குளிர்கால ஃபேஷனைக் கடைக்காரர்கள் தீர்மானிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஐயப்பன் தீர்மானிக்கிறார். கார்த்திகை முதல் தேதி விடிந்தால் கறுப்பு வேட்டி, நீல வேட்டி, காவித் துண்டு. நேற்றுவரை வெள்ளையும் சொள்ளையுமாக இருந்த மளிகைக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பேங்க் குமாஸ்தா எல்லோரும் ஒரே பெயரில் சாமி ஆகிவிடுவார்கள். கோடையில் கறுப்பைக் கண்டால் ஓடுகிற ஊர் இது. வெயிலை உறிஞ்சுகிற நிறமாயிற்றே. மண்டல காலத்தின் 41 நாளும் வெயில் தாழ்ந்த மாதங்களில் வருவதால் கறுப்பு கஷ்டப்படுத்துவதில்லை, விடிகாலைக் குளியலுக்குப் பிறகு இதமாகவே இருக்கிறது. ஜவுளிக்கடை வாசலில் தொங்கும் கறுப்பு வேட்டிகள்தான் எங்கள் ஊரின் ‘விண்டர் கலெக்‌ஷன்’.

அதன் பின்னால் மேல்மருவத்தூர் சிவப்பு வரும், தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரைக்காரர்களின் பச்சையும் காவியும் வரும். நடுவில் கிறிஸ்துமஸ். பக்கத்துப் பூண்டி மாதா கோயில் பக்கம் போனால் சரிகை வைத்த கவுனும் புதுப் பட்டுப்பாவாடையுமாகக் குழந்தைகள். எத்தனை நிறம்! மேல்நாட்டில் குளிர்காலம் என்றால் சாம்பலும் கறுப்புமாகத் திரிவார்களாம். எங்களுக்கு நிறம் கூடுகிற பருவமே அதுதான்.

மார்கழி, என் மார்கழி

இதற்காகத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன். விடிகாலை ஐந்தரை மணிக்குக் கடைத்தெருவுக்கு வாருங்கள். சம்பா வயல் பக்கமிருந்து பனி ஏறிவந்து தெருவிளக்கைச் சுற்றி நிற்கும். டீக்கடை வாசலில் பத்துப் பேர், பத்துப் பேரும் பத்து விதக் கட்டு!

கோடையில் ஈரத்தோடு தலையில் கிடந்த அதே ஈரிழைத் துண்டு, இப்போது காதை மூடித் தாடைக்குக் கீழே முடிச்சாகியிருக்கும். மஃப்ளர் வைத்திருப்பவர்களிடம் மூன்று பள்ளிகள் உண்டு. தலையைச் சுற்றி ஒரு சுற்று, கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று, முனையைச் சட்டைக்குள் செருகுவது பெரியவர்கள் வழி. காதை மட்டும் மூடி உச்சியில் முடிச்சுப் போடுவது பால்காரர் வழி. சைக்கிளில் வந்த காலத்தில் தொடங்கியது, மொபெட்டிலும் தொடர்கிறது. கழுத்தில் சும்மா தொங்கவிட்டு நடப்பது காலேஜ் பையன்கள் வழி, அதில் குளிருக்கு வேலையே கிடையாது. இவை போதாது என்று கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா. அதைப் போட்டவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் மஃப்ளர், குல்லா, ஸ்வெட்டர், மேலே சால்வை என்று நாலடுக்கில் நின்றார். இடுப்பில் மட்டும் வழக்கமான நாலு முழ வேட்டி, காலில் ரப்பர் செருப்பு.

“என்ன பெரியப்பா, சிம்லாவுக்குக் கெளம்பிட்டீங்களா?”

“ஏன், சிம்லாக்காரன்தான் கட்டணுமா? வருசத்துல ஒரு மாசம் நமக்கும் குடுத்து வச்சிருக்கு. நீ மட்டும் என்னவாம்மா, சேலைக்கு மேல சட்டை, சட்டைக்கு மேல சால்வை!”

ஒரு மாதம் கிடைத்ததை ஒரு நாளும் வீணாக்காமல் கட்டித் தீர்க்கிற அந்த உற்சாகத்துக்காகவே இந்த ஊரைக் கொண்டாடுகிறேன்.

பெண்கள் பக்கம் இன்னும் விசேஷம். வாசலில் கோலம் போடுகிறவரைப் பாருங்கள். அடியில் நைட்டி, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மரியாதைக்கு ஒரு துண்டு, பனி இறங்காமல் தலையில் இன்னொரு துண்டு. சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிக் கோலத்தின் நடுவே வைத்துவிட்டு நிமிர்ந்தால், மெரூன் ஸ்வெட்டரும் மஞ்சள் பூவும் வெள்ளை மாவும் ஒன்றுக்கொன்று எடுத்துக்கொடுக்கும். இதைப் படம் பிடித்து எந்தப் பத்திரிகை அட்டையிலும் போடலாம்.

அந்த ஸ்வெட்டர்களுக்கும் ஒரு பயணம் உண்டு. மழைக்காலம் தொடங்கினால் திருச்சி, மதுரை, சென்னை போன்ற ஊர்களில் திபெத்தியர்கள் வந்து ஸ்வெட்டர் கடை போடுவார்கள். சரக்கில் பெரும்பங்கு லூதியானாவிலிருந்து வருவது. பனிமலையிலிருந்து வந்தவர்கள், உறைபனியையே பார்க்காத எங்களுக்கு அளவு பார்த்துக் கம்பளி விற்கிறார்கள். பேரம் பேசினால் சிரிப்பார்கள், குறைக்க மாட்டார்கள். அங்கே வாங்கிய ஸ்வெட்டர் ஒன்று எங்கள் வீட்டில் மூன்று பேர் கை மாறி இன்னமும் உழைக்கிறது. வருஷத்துக்கு ஒரு மாதம் வேலை செய்கிற ஸ்வெட்டருக்கு ஆயுசு அதிகம்தானே!

ராத்திரிப் போர்வைக்கு நான் கடைக்கே போவதில்லை. துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் நைந்து கிடக்கிற பழைய நூல்சேலை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து ஓரம் தைத்தால் போதும். இரண்டு அடுக்குக்கு நடுவில் தங்குகிற காற்றுதான் கதகதப்பு. கோடையில் காற்றை உள்ளே விட்ட அதே சேலை, குளிரில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதைவிடப் பெரிய துணி விஞ்ஞானத்தை எனக்கு யாரும் காட்டவில்லை. அப்பாயி கட்டிய சுங்குடியில் செய்த போர்வை என்னிடம் இருக்கிறது. அதற்குள் நுழைந்துவிட்டால் திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்பினாலும் நான் எழுந்திருக்கமாட்டேன்.

போர்த்திக்கொள்கிற ஆசை மனுஷர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் 108 போர்வை சாத்துகிறார்கள். ஒவ்வொன்றாகச் சாத்தி எடுப்பார்கள், குளிர் தொடங்குகிறதே என்கிற கரிசனம். கத்திரியில் சிவனுக்குத் தாராபாத்திரம், குளிரில் ஆண்டாளுக்குப் போர்வை. வெயிலும் பனியும் படுகிற உடம்பாகத்தான் சாமியையும் நினைக்கிறோம். எங்கள் பெரியப்பாவின் நாலடுக்கைப் பார்த்து இனிமேல் யாரும் சிரிக்கக் கூடாது.

தை பிறந்தால்

போகியில் கந்தல் கழியும், பொங்கலுக்குப் புதுசு வரும். ரேஷன் கடையில் தருகிற பொங்கல் வேட்டி சேலையை 1983-இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கியது. அந்த வேட்டியை வயல்வேலைக்கும் அந்தச் சேலையைத் தூளிக்கும் எங்கள் ஊர் பயன்படுத்துகிற விதத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். சம்பா அறுவடை மும்முரத்தில் முழுக்கைச் சட்டை மறுபடி வெளியே வரும். அறுப்பு மெஷின் வந்த பிறகும் நெல்லைக் காயவைத்துத் தூற்றுகிற இடத்தில் சுணை சுணைதான்.

மேட்டூர் அணையை மூடுகிற மரபான நாள் ஜனவரி 28. கிட்டத்தட்ட அதே வாரத்தில் எங்கள் வீட்டு ஸ்வெட்டர்களும் வெயில் காட்டி, காய்ந்த வேப்பிலை தூவி, டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். படித்துறையில் தண்ணீர் படியிறங்கத் தொடங்கும். இஸ்திரி அண்ணன் சொன்ன சொல் தவறாமல், “டீச்சர், இனிமே கஞ்சி போடலாம்” என்று வண்டியிலிருந்தே குரல் கொடுப்பார்.

பார்க்க வேண்டும் என்கிறவர்கள் பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து இறங்குங்கள். கறுப்பு வேட்டி, கிறிஸ்துமஸ் மிச்சம், மஃப்ளர், கோலம் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கிற நாட்கள் அவை. விடிகாலையில் டீக்கடை, வெயில் ஏறியதும் அக்னீஸ்வரர் கோயில், சாயங்காலம் ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறையத் துணி சுமந்து வர வேண்டாம். கடைத்தெருவில் இரண்டு ஈரிழைத் துண்டு வாங்கிக்கொண்டால் மார்கழிக்கும் ஆச்சு, அடுத்த சித்திரைக்கும் ஆச்சு. குரங்குக் குல்லாவுக்கு ஆசைப்பட்டால் வெட்கப்படாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே ஒருவரும் கேலி செய்ய மாட்டார்கள். எங்கள் பெரியப்பா மட்டும் எந்தக் கடை, என்ன விலை என்று கேட்பார். அவர் அதைவிடக் குறைத்து வாங்கியிருப்பார்!